வேலியோரத்துப் பழ ஈப் பொறி

வைகாசி, வெள்ளிக்கிழமை.

அறந்தாங்கி வியாபாரி இன்று என் மாம்பழம் ஒன்றை அறுத்துப் பார்த்தார். உள்ளே புழு நெளிந்தது. எழுந்து பக்கத்துத் தோப்பு மேரியிடம் போனார். அவளுடைய காய் முழுவதையும் எடுத்துக்கொண்டார். வாரம் தவறாமல் மருந்தடித்தவன் நான். அவளோ உதிர்ந்த பழங்களை, உள்ளிருக்கும் புழு ஈயாகப் பெருகாதபடி பொறுக்கிப் புதைத்தாள், பழத்தில் முட்டையிடும் ஈக்களைப் பிடிக்க மரங்களில் பிளாஸ்டிக் டப்பாவில் பழ ஈப் பொறி கட்டினாள். அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

சாயங்காலம் வயிற்றெரிச்சல் தாங்காமல், வேலியோரம் தொங்கிய பொறியை அறுத்தெறியக் கத்தியோடு போனேன். டப்பா நிறைய ஈக்கள் செத்துக் கிடந்தன.

பின்னால் மேரியின் குரல் கேட்டது. "அண்ணே, இந்தப் பொறிதான் சீக்கிரம் நெறையுது. எல்லாம் ஒங்க தோப்புலேர்ந்து வர்ற ஈ. ஒங்களுக்கும் பத்துப் பொறி எடுத்து வச்சிருக்கேன், இங்கிட்டு வந்து வாங்கிக்கங்க."

"எனக்கு எதுக்கு? சும்மா பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கத்தியை அவள் பார்த்திருப்பாள். பார்க்காதவள்போலப் பேசியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விடிந்ததும் என் மரத்தடியில் அழுகிக் கிடக்கும் பழங்களைப் பொறுக்கிப் புதைக்க வேண்டும். அவள் தோப்புக்கு வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.