நூற்று எண்பத்தேழு இலக்கம்

12 ஜூலை 2023
காரணி தேடத் தொடங்கிப் பதினான்காவது மாதம். கல்லூரி ஆய்வகத்தில் ஆறு கணினிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றும் சிக்கவில்லை. நடவு முடிந்து வந்த அம்மா கேட்டாள், "அந்தப் பெரிய நம்பரு என்னாச்சு பாப்பா?" சொன்னேன். 187 இலக்கம். பகா எண் தேற வேண்டிய சோதனையில் தேறவில்லை. அதனால் பகு எண், நிச்சயம். ஆனால் எதால் வகுபடும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. "ஒட்டுப் போட்டதுன்னு தெரியுது, ஒட்டு எங்கன்னு தெரியல. அதானே?" என்றாள். அதேதான்.

3 ஆகஸ்ட்
ஒன்றுமில்லை.

29 ஆகஸ்ட்
கிடைத்துவிட்டது! 53 இலக்கக் காரணி. மூன்று முறை வகுத்துப் பார்த்தேன், மீதி இல்லை. ஈவு 135 இலக்கம். அதையும் சோதித்தேன் — அதுவும் பகு எண். நோட்டில் எழுதித் தேதி போட்டேன். ஆய்வக உதவியாளர் அன்சார் அண்ணன் டீயும் வடையும் வாங்கி வந்தார். நெறியாளர் அறிவுச்செல்வன் சார், "வெரி குட் இசைவாணி. இப்ப யார்கிட்டயும் சொல்லாத, பேப்பரா போட்டுடலாம்" என்றார். மூன்றரை வருடத்தில் முதல் வெரி குட்.

9 டிசம்பர்
கட்டுரை வந்துவிட்டது. அன்சார் அண்ணன்தான் போனில் காட்டினார். இரண்டு பெயர்கள்: அறிவுச்செல்வன், செம்மொழி. செம்மொழி சாரின் மகள். வெளிநாட்டில் படிக்க விண்ணப்பித்திருக்கிறாளாம். ஆய்வகத்துக்குள் ஒரு நாள்கூட வந்ததில்லை. நன்றி சொல்லும் பத்தியிலும் நான் இல்லை. கல்லூரி நிர்வாகம் இருக்கிறது.

11 டிசம்பர்
சாரிடம் போனேன். "அடுத்த பேப்பர்ல உன் பேரு வரும்மா. உங்க வீட்லேர்ந்து நீ இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம் இல்லையா?" எங்கள் வீட்டிலிருந்து என்றால்? எனக்கும் புரிந்தது, புரியும் என்று அவருக்கும் தெரியும். தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன்டி தலையாட்டுன? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

12 டிசம்பர்
கட்டுரையை மறுபடி படித்தேன். 135 இலக்க ஈவைப் பகா எண் என்று போட்டிருக்கிறார்கள். 'முழுமையாகக் காரணிப்படுத்தப்பட்டது.' தப்பு. சோதித்தே பார்க்கவில்லை — ஒரு நொடி வேலை. காரணியை எடுத்துக்கொண்டு போன அவசரம். நான் சொல்ல மாட்டேன்.

20 பிப்ரவரி 2024
யாரோ வெளிநாட்டிலிருந்து அந்தத் தப்பைப் பத்திரிகைக்கு எழுதிவிட்டார்கள். சார் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், இதுவும் முதல் தடவை. "கணக்கு நீ போட்டதுதானே? தப்பு என்னோடதுன்னு ஒரு லெட்டர் கொடுத்துடும்மா. திருத்தத்துல உன் பேரப் போட்டுடறேன்."
கண்டுபிடிச்சதுக்கு இல்லாத பேரு, தப்புக்கு மட்டும் வேணுமா?

22 பிப்ரவரி
கடிதம் எழுதினேன். சாருக்கு இல்லை, பத்திரிகைக்கு. கணக்கு முழுவதும் என்னுடையது. ஈவு பகு எண் என்று ஆகஸ்ட் 29 அன்றே குறித்திருக்கிறேன். நோட்டுப் பக்கத்தின் படம், கணினிப் பதிவு, இரண்டையும் இணைத்தேன். கணினிப் பதிவை அன்சார் அண்ணன் எடுத்துக் கொடுத்தார். "என் பேரு வராம பாத்துக்கம்மா" என்றார். பார்த்துக்கொண்டேன்.

18 ஏப்ரல்
முழுக் கட்டுரையையும் நீக்கிவிட்டார்கள். என் காரணியும் அதோடு போயிற்று. எனக்கு வந்த பதில் இரண்டு வரி: உள் தகராறை உங்கள் கல்லூரியில் தீர்த்துக்கொள்ளவும். சார் என் நெறியாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். வேறு மூன்று பேரைக் கேட்டேன். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: "சாரைப் பகைச்சுக்க முடியாதும்மா." செம்மொழிக்கு ஜனவரியிலேயே இடம் கிடைத்துவிட்டதாம்.

10 ஜூன்
குடவாசலில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். ஆறாம் வகுப்புக் கணக்கு. படிவத்தில் 'ஆராய்ச்சி அனுபவம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நான்கு வருடம் என்று எழுதினால் சான்றிதழ் கேட்பார்கள். கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன்.