நான்காவது பதிவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

ஐந்து மாதமாக என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். தபால்காரரிடம் அந்தக் கோபம் செல்லாது என்றுதான் காகிதத்தில் இறங்கிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கடையில் ரிப்பேருக்கு வந்த நான்கு ஃப்ரிட்ஜ் பிரித்தபடி கிடக்கிறது. தொலைநோக்கியைக் குளிராக வைக்காவிட்டால் அதன் சொந்தச் சூடே நீ தேடும் பழைய நட்சத்திர வெளிச்சத்தை மறைத்துவிடும் என்று நீ சொன்ன நாளிலிருந்து, நானும் மகளும் ஒரே துறை என்று சொல்லித் திரிகிறேன். நம் வீட்டு ஃப்ரிட்ஜ்தான் கடகடவென்கிறது. அரை மணி வேலை. செய்யவில்லை. அதுவும் வாயை மூடிக்கொண்டால் வீட்டில் யார் பேசுவது?

முடிவெட்டுகிறவர் உன்னைப் பற்றிக் கேட்டார். முதன்முதலில் உண்டான நட்சத்திரக் கூட்டங்களைப் பார்க்கிறாள், அந்த வெளிச்சம் கிளம்பி ஆயிரத்து முந்நூறு கோடி வருஷம் ஆகிறது என்றேன். கத்தரியை நிறுத்தி, "அப்போ அதெல்லாம் இன்னும் இருக்கா?" என்றார். அன்றைய கோலம்தான் இன்று தெரிகிறது, இப்போது என்ன ஆயிற்றோ என்றேன். சொன்ன பிறகு தலை தானாகக் குனிந்துவிட்டது. அவர் நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தார். வெட்டு ஒரு பக்கம் கோணல்.

நானும் உனக்கு அதைத்தானே செய்தேன்.

நோய் முற்றிய பிறகு, குரல் நன்றாக இருந்த ஒரே நாளில் அம்மா என் போனில் நான்கு பதிவு பேசி வைத்தாள். வாரம் ஒன்றாக அனுப்பச் சொன்னாள். "நாலு வருஷம் காத்திருந்து தொலைநோக்கியில அவளுக்கு முறை வந்திருக்கு. இந்த ஒரு மாசம் போகட்டுங்க, அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருஷத்தில் அவளிடம் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. மூன்றாவதை அனுப்பியபோது அவளுக்கு நினைவு தப்பி இரண்டு நாள். "அம்மா குரல் தெளிவா இருக்கே, இருமல் போயிடுச்சாப்பா?" என்று கேட்டிருந்தாய். ஆமாம்மா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பதில் போட்டேன். நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று பதிவுகளின் விஷயம் தெரிந்து கிளம்பிப் போனவள்தான் நீ. பழியை அம்மா மேல் போட மாட்டேன். அனுப்பிய கை என் கை.

நான்காவது இன்னும் என் போனில் இருக்கிறது. அதைப் பேசும்போது மட்டும் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள். ஒரு நிமிடம் பத்து வினாடி. நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அவள் பேசி முடித்தவளாகிவிடுவாள். உனக்கு அனுப்பவும் கை வரவில்லை. அப்படி அனுப்பியது போதும்.

கோபத்தோடேயே வாம்மா. எனக்குப் பக்கத்தில் உட்காராவிட்டாலும் சரி, எதிரே உட்கார். இரண்டு பேருமாகக் கேட்போம். அந்த நேரம் ஃப்ரிட்ஜை அணைத்து வைக்கிறேன். அம்மா பேச்சில் ஒரு சொல்லும் தவறக்கூடாது.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

வாசல் பார்த்திருக்கும்,
உன் அப்பா