நாற்பத்து மூன்றாவது தாள்

பல்லேபொல
20.11.2024

மதிப்புக்குரிய நண்பர் இந்திரகுமாருக்கு,

எந்த வயதினர், எத்தனை வருட சேவையுள்ளவர்கள், மணமானவர்களா ஆகாதவர்களா, யார் கேட்காமலே சக ஊழியருக்கு அதிகம் உதவுகிறார்கள்? உங்கள் ஆய்வின் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உங்களோடு புள்ளிவிவரம் படித்துவிட்டு, பத்தொன்பது வருடம் இந்த வாசனைச் சரக்குத் தொழிற்சாலையில் ஊழியர் விவகாரம் பார்க்கும் ஆளணி உத்தியோகத்தராக இருந்தவள் இப்படிச் சொல்வது வெட்கம்தான்.

உங்கள் பக்கம் மட்டக்களப்பில் மழை கடுமை என்று கேள்விப்பட்டேன். இங்கேயும் பகலிலேயே விளக்குப் போட்டு வேலை நடக்கிறது.

கராம்பில் காம்பு பொறுக்கும் நாற்பத்து மூன்று பெண்களுக்கும் உங்கள் படிவத்தைக் கொடுத்தேன். இன்னொருவரின் வேலையை நீங்களாக முன்வந்து செய்ததுண்டா என்ற கடைசிக் கேள்விக்கு நாற்பத்திரண்டு பேர் 'இல்லை' என்று எழுதினார்கள். ஸுலைஹா தாளைத் தரும்போது, "நாங்க எல்லாரும் கல்நெஞ்சுக்காரிங்கன்னு எழுதிக்கோங்க மிஸ்" என்றாள். சொல்லும்போதே பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு பிடி கராம்பை அள்ளித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அடுத்தவள் வேலையைச் செய்தேன் என்று எழுதினால், அவளால் முடியவில்லை என்று எழுதியதாகிவிடும். இது இங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் எனக்கும்தான் தெரியவில்லை.

'ஆம்' என்று எழுதிய ஒரே ஆள் சந்திரகாந்தா. வேலைக்கு வந்து எட்டு மாதம். "அபீபா ராத்தாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. மூன்று மாதமாக அவங்க தட்டையும் நான்தான் பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டேன். "நல்லது செஞ்சிருந்தா எழுதுங்கன்னுதானே மிஸ் கேட்டிருக்கு" என்றாள். கோபிக்க முடியவில்லை.

அபீபாவுக்கு ஐம்பத்தேழு வயது, கணவர் இல்லை, இரண்டு கண்ணிலும் புரை. சத்திரசிகிச்சைக்கு ஜனவரி இருபதாம் திகதி கிடைத்திருக்கிறது. அதுவரை வேலையில் இருந்தால் சுகவீன விடுமுறை உண்டு, திரும்பி வரலாம். அதற்குமுன் நிறுத்தினால் இந்த வயதில் மறுபடி எடுக்கமாட்டார்கள். போன வாரம் காம்பு அதிகம் என்று இரண்டு மூட்டை திரும்பி வந்தது. சந்திரகாந்தா காய்ச்சலில் வராத நாட்களின் சரக்கு அது. எந்தத் தட்டு என்று முகாமையாளர் நுஹ்மான் தேடிக்கொண்டிருக்கிறார். "அந்தப் பேப்பரெல்லாம் நாளைக்குக் காலைல என் மேசைக்கு வரட்டும் மிஸ். யாரு யாருக்கு வேலை செய்றாங்கன்னு நானும் பார்க்கிறேன்" என்று இன்று மத்தியானம் சொல்லிவிட்டுப் போனார்.

சந்திரகாந்தாவின் தாளை எடுத்து என் கைப்பையில் வைத்துவிட்டேன். பெயர் கேட்காத படிவம்தானே; எண்ணிக்கை குறையக்கூடாது என்று ஒன்றை நானே நிரப்பினேன். வயது நாற்பத்தொன்பது. சேவை பத்தொன்பது வருடம். மணமாகவில்லை, அது உங்களுக்குத் தெரியும். கல்வி, பட்டம். படிவத்தில் பொய் எழுதிப் பழக்கமில்லை. கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். இதுவரை அது ஏறக்குறைய உண்மைதான்.

21, மாலை

நேற்று இதைத் தபாலில் சேர்க்கவில்லை. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

நுஹ்மான் நாற்பத்து மூன்றையும் ஒவ்வொன்றாக வாசித்தார். "இவ்வளவு பொல்லாத பொம்பளைங்கள வச்சா நான் வேலை வாங்குறேன்" என்று சிரித்தார். பிறகு ஒரு தாளில் நின்றார். "கராம்பு பொறுக்குறவங்கள்ல யாரு மிஸ் பட்டதாரி?" என்று கேட்டார். நான் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தத் தாளைக் கட்டின் நடுவில் செருகி, "தபாலுக்கு நேரமாச்சு, கட்டி அனுப்பிடுங்க" என்று சொல்லி எழுந்து போனார். அவருடைய வயதையும் சேவைக் காலத்தையும் உங்கள் படிவம் கேட்கவில்லை.

அந்த ஒரு தாளை உங்கள் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். ஒன்று குறைந்தது இங்கே தெரிந்தால் மறுபடி தேடுவார்கள்; ஜனவரி இருபது கழியும்வரை முடிவுகளை இங்கே யாருக்கும் அனுப்பவேண்டாம். யாராவது கேட்டால், தாள்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று சொல்லுங்கள். உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை.

மழையில் கவனமாக இருங்கள்.

சுசீலாதேவி