வாயடைத்த போனும் வாயடையாத நானும்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நான் நலம், முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் எனக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை என் மானம் போனபோது கூடத்தில் இருந்தவர்கள்: உன் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், உன் மாமா, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க வந்த எதிர்வீட்டுத் தையல்காரி. யார் எந்த நாற்காலி என்றுகூடச் சொல்வேன். பேத்தி படம் பார்க்க என் போனை எடுத்தாள். அது யாரும் கேட்காமலே ஒரு வரைபடத்தைக் காட்டி, இந்த மாதம் நீங்கள் நான்கு முறை சென்ற இடம் என்று உன் அத்தை வீட்டுத் தெருவைப் போட்டது. நான்கும் வியாழக்கிழமை. வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றுதானே வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். "ஏன் பாட்டி, கண் டாக்டர் எப்போ அத்தைப் பாட்டி வீட்டுக்குக் குடிவந்தாரு?" என்று கேட்டாள். மாமா சிரித்த சிரிப்பில் தையல்காரி டேப்பைக் கீழே போட்டாள்.

இந்த வீட்டைப் பதிவு செய்த அன்று, அத்தனை பேர் முன்னால், "அண்ணி எதுக்குப் பேனா பிடிச்சுக் கஷ்டப்படணும், மை டப்பாவை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றாளே உன் அத்தை. நான் கைநாட்டு என்று அத்தனை பேருக்கும் சொல்லிக்காட்டினாள். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. இனி அவள் வாசல் மிதிக்க மாட்டேன் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவள் நான், அந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டாமா? திங்கட்கிழமையே ரிப்பேர் கடைக்குப் போய், "தம்பி, இந்தப் போனோட நாக்கை அறுத்துடு" என்றேன். "நாக்கை மட்டும் அறுத்தா மறுபடி முளைக்கும்மா, கம்பெனி போட்டு அனுப்புன சிஸ்டத்தையே அழிச்சுட்டு வேவு பாக்காத வேற ஒண்ணை ஏத்தணும், பேங்க் ஆப் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பரவாயில்லையா?" என்றார். முரண்டு எனக்கென்ன புதுசா, ஏற்று என்றேன். நம்பரையெல்லாம் தனியே எடுத்து வைக்கட்டுமா என்றதற்கு, ஒரு துரும்பும் வேண்டாம் என்று பெரிய புத்திசாலிபோலச் சொன்னேன். நடுவில் ஒயரைப் பிடுங்கக் கூடாதாம், ஸ்டூலில் உட்கார்ந்து ஒயருக்குக் காவல் இருந்தேன். கைக்கு வந்தபோது போன் எந்தத் தெருவும் தெரியாத பச்சைப்பிள்ளையாக இருந்தது.

பழைய சிஸ்டம் பொய் சொன்னது, அதனால்தான் மாற்றினேன் என்று வீட்டில் அளந்தேன். நம்பருக்கு என்ன செய்வீர்கள் என்றாள் உன் அண்ணி. எனக்கா ஞாபகம் இல்லை? கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன், பேத்தி ஏற்றினாள். உன்னுடையது, மாமாவுடையது, பால்காரருடையது, அப்புறம் இன்னொன்று தடதடவென்று வந்து விழுந்தது. யாருடையது என்று பேத்தி கேட்டபோதுதான், அது உன் அத்தையுடையது என்று எனக்கே உறைத்தது. உன் அண்ணி எட்டிப் பார்த்து, "இது அவங்க போன மாசம் மாத்துன புது நம்பராச்சே அத்தை" என்றாள். போனின் வாயை அடைத்தாயிற்று, என் வாய்க்கு எந்தக் கடையில் சிஸ்டம் மாற்றுவார்கள்?

உனக்கு மட்டும் சொல்கிறேன். உன் அத்தைக்குப் பார்வை மங்கிவிட்டது. நான் போய்ப் பேப்பர் படித்துக் காட்டுகிறேன், எழுத்துக்கூட்டித்தான். பழி வாங்கத்தான் போனேன், ஒரு பக்கம் படித்து அவளைக் கூச வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று. அவளோ, "நிதானமா படிங்க அண்ணி, எனக்கு வேற என்ன வேலை" என்கிறாள். மனுஷியை ஒழுங்காகக் கோபப்படக்கூட விட மாட்டாள்.

நீயும் உன் போனுக்கு எல்லாவற்றையும் காட்டாதே, எங்கே போகிறாய் என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போ. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. படித்ததும் இதைக் கிழித்துப் போடு. யார் கேட்டாலும், அம்மா இந்த உலகத்தில் ஒருத்தியை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை என்றே சொல். உன் அத்தையை. வியாழக்கிழமை நேரிலேயே போய் அவளிடமும் சொல்லிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மை டப்பா இல்லாமல், பேனாவால்,
உன் அம்மா