மூன்றாவது குழியில் இருந்த சுண்ணாம்பு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் வாலும் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வீட்டில் வேறு பேச்சில்லை. அம்மா பத்து நாளாகப் பெட்டி கட்டுகிறாள், கட்டி முடித்ததும் எதையோ மறந்துவிட்டதாகப் பிரிக்கிறாள், நேற்று நிறுத்துப் பார்த்ததில் மூன்று கிலோ அதிகம், பழி என் செருப்பின் மேல் விழுந்தது. நாளைக் காலை விமானம். ஆனால் இந்தக் கடிதத்தை நானே உன் கையில் தருவேனா, அம்மாவின் பையில் தனியாக வருமா என்பது இன்று சாயங்காலத்துக்குள்தான் தெரியும். போனில் சொல்லியிருக்கலாம், பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்வாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

கடற்கரைச் சாலையில் மாணவிகள் விடுதி கட்டப்போகிறார்கள், ஆறு மாடி, அதற்கு முன் குழி போட்டு அடியில் என்ன மண் என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்களுடையது என்றேனே, அதில்தான் தப்புச் செய்துவிட்டேன். குழிக்குள் குழாயை இறக்கி மேலே சுத்தியலைப் போடுவோம், எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று எண்ணி எழுதுவோம். மூன்றாவது குழியில் ஒன்பது மீட்டரில் ஐம்பது முறை அடித்தும் குழாய் அசையவில்லை. துளைத்து எடுத்தால் கல். கல் வந்தாலும் மூன்று மீட்டர் உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் பாறை என்று எழுத வேண்டும், முப்பது வருஷமாக எல்லாருக்கும் நான் சொல்வதுதான். அன்றைக்கு நான் ஒன்றரை மீட்டரில் நிறுத்திவிட்டேன். மற்ற குழிகளில் பாறை பதினெட்டு மீட்டரில் கிடைத்ததும் தெரியும், பாறை ஏறி இறங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உன்னிடம் வந்து சேர வேண்டும் என்ற அவசரம், வேறொன்றும் இல்லை. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தக் கற்களைக் கழுவிப் பெட்டியில் அடுக்கும்போது ஒரு துண்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தேன், சுண்ணாம்புக் காரை, நடுவில் உடைந்த சிப்பி. பூமி காரை பூசுமா? எந்தக் காலத்திலோ கடல் இன்னும் தள்ளி இருந்தபோது யாரோ கட்டிய சுவர் அது, அதைத்தான் பாறை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதை நம்பி அந்த மூலையின் அஸ்திவாரத் தூண்களை ஒன்பது மீட்டரோடு நிறுத்திப் படம் போட்டுவிட்டார்கள். குழாயைத் தூக்கி இறக்கும் வின்ச்சை ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணே, ஒரு துடை துடைச்சா யாருக்குத் தெரியப்போகுது என்றார். துணியை நனைத்துக் கையில் எடுத்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. நீயும் நாலு வருஷம் ஒரு விடுதியில் படுத்துத் தூங்கியவள்தானே. கல்லை எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் போனேன். உன்னைவிடச் சின்னப் பெண். திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும், எப்ப மறுபடி போடலாம் என்று மட்டும் கேட்டாள். இன்று போடுகிறோம். சுவருக்கு அடியிலும் நல்ல பாறை இருந்துவிட்டால் நாளை அம்மாவோடு வந்துவிடுவேன். கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன், இருப்புக்கொள்ளவில்லை, வரிக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

மணி மூன்றரை. பதினொரு மீட்டரில் கல் முடிந்தது. குழாயை இறக்கிச் சுத்தியலை மேலே வைத்தோம், தூக்கி அடிக்கவே இல்லை, வைத்த கனத்துக்கே குழாய் தானாக இறங்கிப் போயிற்று, முக்கால் மீட்டர். வெறும் களிமண். எண்ணுவதற்கு நின்றவர் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார். சுவர் எதுவரை ஓடுகிறது என்று பார்க்க இன்னும் ஆறு குழி, பத்து நாள் ஆகும். விஷயம் தெரிந்து அந்த இன்ஜினியர் பெண், வேற ஆள வெச்சுப் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க சார் என்றுதான் சொன்னாள். நான்தான் மாட்டேன் என்றேன். அவசரத்தில் எழுதியவன் நான், இருந்து திருத்த வேண்டியவனும் நான்தானே. அம்மாவுக்கு இப்போதுதான் போன் செய்தேன். மக பொறந்தப்பவும் குழி, பேரப்பிள்ளை பொறக்கறப்பவும் குழியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். இந்தத் தடவை பக்கத்தில் இருப்பேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. கோபப்படு, ஆனால் அழாதே, இந்த மாதத்தில் ஆகாது.

மாடிப்படியில் வேகமாக இறங்காதே. அம்மா ஊட்டுவதையெல்லாம் சாப்பிடாதே, மறுக்கவும் மறுக்காதே. சுகமாகப் பெற்றெடுத்து நீயும் பிள்ளையும் நூறு வருஷம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, வலி எடுத்ததும் எனக்குப் போன் செய்யச் சொல். சுத்தியல் சத்தத்தில் மணி காதில் விழாது, அதனால் போனைச் சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்திருக்கிறேன், அதிர்ந்தால் தெரிந்துவிடும்.

மண்ணோடு மாரடிக்கும்
உன் அப்பா