இருபத்து மூன்றாம் பதிவோடு நின்றுபோன மச்சானுக்கு

சொல்லிக்கொள்ளாமல் இறங்கிவிட்ட என் பிரியமான மச்சானுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் முடிந்துவிட்டது. உங்கள் தங்கச்சி பாக்கியம் நன்றாக இருக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. கோத்தகிரியில் இந்த வருசம் மழை பிந்திவிட்டது. கேரட் கழுவுகிற யார்டுக்கு லாரித் தண்ணீர்தான்.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன். கொடுத்தால் நம் ரகசியம் ஊருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். கேரட் மொத்த வியாபாரி சின்னராசுவும், மேட்டுப்பாளையம் வண்டியில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அவன் மச்சானும் பதினெட்டு வருசமாகக் காதல் நாவலும் மர்ம நாவலும் மாற்றி மாற்றிப் படித்தார்கள் என்று தெரிந்தால், மண்டிக்காரர்கள் நாலு நாள் சிரிப்பார்கள். ஐந்தாம் நாள் கேரட் விலை ஏறினால் மறந்துவிடுவார்கள். நீங்கள்தான் கூச்சப்படுவீர்கள். நாவலை டிக்கெட் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து என் மேஜை டிராயரில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போகிற ஆள் நீங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் நமக்குப் பேச்சு. அன்றைக்கு மிஷின் ஓடாது, ஆட்கள் வரமாட்டார்கள். காலிச் சாக்குக் குவியலில் சாய்ந்துகொண்டு, அந்த வாரம் படித்ததைத் தரம் பிரிப்போம், கேரட்டைப் பிரிக்கிற மாதிரியே. முதல் ரகம் பாக்கியத்தின் பீரோவுக்கு மேலே போகும். இரண்டாம் ரகம் பழைய புத்தகக் கடைக்கு. ஒன்றுக்கும் ஆகாத ஒடசல் என்றால் அங்கேயே யார்டின் வெந்நீர் அடுப்பில் போட்டு, அந்தத் தண்ணீரில் இரண்டு பேரும் கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்.

நீங்கள் போனபிறகு வந்த நாவல்களைப் பற்றிச் சொல்ல ஆளில்லாமல் ஏழு மாதமாக வயிற்றில் அடைத்துக்கொண்டு திரிகிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காதல் நாவல்களில் இப்போது ஒப்பந்தக் கல்யாணம்தான் ஓடுகிறது. வரிசையாக நாலு படித்தேன், நாலிலும் அதே. பெரிய தொழிலதிபர், ஒரு வருசத்துக்கு என்று பத்திரம் எழுதிக் கல்யாணம் செய்கிறான், நூற்று நாற்பதாம் பக்கத்தில் காய்ச்சல் வந்து படுக்கிறான், அவள் நெற்றியில் ஈரத்துணி போடுகிறாள், முடிந்தது. இந்தத் தொழிலதிபர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் மச்சான்? ஒருத்தனும் சரக்கு வந்ததா என்று கேட்பதில்லை. லாரி பழுதாகி நிற்பதில்லை. காலை பத்து மணிக்குக் காரில் இறங்கிக் கண்ணாடியைக் கழற்றுகிறான், மாலையில் திரும்ப மாட்டிக்கொள்கிறான். என்னை ஒரு வாரம் அப்படி இருக்கவிட்டால் அடுத்த வாரம் யார்டைப் பூட்டவேண்டியதுதான்.

கோபக்காரக் கதாநாயகன் இன்னும் மோசம். முதல் அத்தியாயத்தில் கையை ஓங்குகிறான், பத்தாவதில் அவளே வந்து அவன் சட்டைக்குப் பித்தான் தைக்கிறாள். என் யார்டில் கேரட் பிரிக்கிற பெண்களில் ஒருத்தியிடம் அந்தத் தொனியில் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கட்டும். மறுநாள் பன்னிரண்டு பேரில் ஒருத்தியும் வேலைக்கு வரமாட்டாள்.

மர்ம நாவலில் கொலை செய்ய இவர்களுக்கு நீலகிரியை விட்டால் இடமில்லை. போன மாதம் ஒன்று, குன்னூர் பக்கம் கேரட் தோட்டத்தில் இடுப்புயரச் செடிகளுக்கு நடுவே பிணம் மூன்று நாள் கிடக்கிறதாம். கேரட் செடி முழங்காலைத் தாண்டுமா? தாண்டினாலும் மூன்று நாள் காட்டுப்பன்றி சும்மா இருக்குமா? செல்போன் டவரை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்கிறார் இன்ஸ்பெக்டர், அதுவும் குஞ்சப்பனைப் பக்கத்தில். அங்கே டவர் கிடைக்காமல் எனக்கு லாரி டிரைவரையே போனில் பிடிக்க முடிவதில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், போன வாரம் படித்ததில் கொலை செய்தது யாரென்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அறுபதாம் பக்கத்தில் மடித்து வைத்துவிட்டு, "அந்தச் சமையல்கார அம்மாவ விட்றாதீங்க மாப்ளை" என்றிருப்பீர்கள். சமையல்காரிதான்.

பாக்கியத்திடம் சொல்லிப் பார்த்தேன். "செத்தது ஆரு, கொன்னது ஆரு, அத மட்டும் சொல்லுங்க. அடுப்புல பருப்பு கெடக்குது" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

இப்போது உங்களிடம் சொல்லவேண்டியதற்கு வருகிறேன். வியாபாரி நான், சுற்றி வளைத்துப் பேச வராது. ஆனாலும் இவ்வளவு நேரம் வளைத்துவிட்டேன்.

உங்கள் போன் உங்கள் தங்கச்சியிடம்தான் இருக்கிறது. நீங்கள் போய் முப்பது நாள் கழித்து, யார்டுக்கே நேராக வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க, எங்கண்ணனுக்கு முப்பது நாப்பது பொம்பளைங்க மெசேஜ் போடறாங்க."

"உங்கண்ணனுக்கா? பஸ்ஸுல பாதிப் பேருகிட்ட நிமிந்து பாத்துக்கூடப் பேசமாட்டாரு."

"நீங்களே பாருங்க. எங்க போயிட்டீங்க, ஏன் வரமாட்டேங்கறீங்கன்னு கேக்கறாங்க. எனக்கு ஈரக்கொலையே நடுங்குதுங்க."

வாங்கிப் பார்த்தேன். எல்லோரும் 'அக்கா' என்று கூப்பிட்டிருந்தார்கள். அக்கா, அடுத்த பதிவு எப்போ? அக்கா, உடம்பு சரியில்லையா? சேரங்கோட்டிலிருந்து ஒரு பெண், "அக்கா, அந்தக் கண்டக்டர் வாயைத் திறப்பாரா மாட்டாரா, அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்று எழுதியிருந்தாள். உங்கள் அம்மாவின் பெயரான கற்பகவல்லியை வைத்துக்கொண்டு, இணையத்தில் ஒரு தொடர்கதை. இருபத்து மூன்று பதிவுகள். முதல் வரியைப் படித்துவிட்டு, திரும்ப ஒரு தடவை படித்தேன். அந்த வரியை நான் முன்பே படித்திருந்தேன்.

போன வருசம் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெராக்ஸ் போட்டுத் தைத்த ஒரு கட்டைக் கொண்டுவந்தீர்கள். பெயர் இல்லை. "ஆரோ ஒரு அம்மா போன்ல எழுதறாங்க. உங்களுக்குப் போன்ல படிச்சா கண்ணு வலிக்கும்னு காயிதத்துல எடுத்துட்டு வந்தேன்" என்றீர்கள். அடுத்த ஞாயிறு நான் தரம் பிரித்தேன். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கும் இருந்திருக்கும்.

கதை இதுதான். எட்டு மணி வண்டியில் தேயிலை பாக்டரி ஆபீசுக்குப் போகிற பெண்ணுக்கு, ஜன்னலோர சீட்டில் தன் பையைப் போட்டு இடம் பிடித்துவைக்கிறான் கண்டக்டர். இரண்டு வருசம். டிக்கெட்டைக் கொடுக்கிறான், மீதியைக் கொடுக்கிறான், வேறு ஒன்றும் இல்லை. கடைசியில் அவள் அப்பாவுக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றலாகி, பெட்டி படுக்கையோடு மேட்டுப்பாளையம்வரை அதே வண்டியில் போகிறாள். இறங்கும்போது, "எதாச்சும் சொல்லோணுமா?" என்று அவனைக் கேட்கிறாள். அங்கே நிற்கிறது.

"வண்டி விசயமெல்லாம் கச்சிதமா இருக்குது" என்றேன் நான். "டிரைவர் கியர மாத்தறதுக்கு முந்தியே அந்தப் பொண்ணு கம்பியப் புடிச்சுக்கறா பாருங்க, அது உக்காந்து யோசிச்சா வராது. இந்தம்மா நம்ம ரூட்டுல போய் வாரவங்களா இருக்கும்."

"இருக்கும் மாப்ளை."

"ஆனா அந்தக் கண்டக்டரு பொய்யி. ரெண்டு வருசம் டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டு ஒரு வார்த்த பேசாதவன் என்ன ஆம்பளை? இந்தம்மாவுக்கு ஆம்பளையப் பத்தி ஒண்ணுமே தெரியல."

நீங்கள் சாக்கின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். "அப்பிடியும் ஒருத்தன் இருப்பானோ என்னமோ."

"இருந்தா மியூசியத்துல வெக்கோணும் மச்சான்."

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அந்தக் கட்டை எடுத்து, வழக்கப்படி அடுப்பில் போட்டேன். தண்ணீர் கொதிக்கிறவரை நீங்கள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தீர்கள். அந்தத் தண்ணீரில் உங்கள் கைக்கு நான்தான் செம்பில் மொண்டு ஊற்றினேன்.

சாக்கைப் பிரிக்காமலே கேரட் எந்தப் பக்கத்து மண்ணில் விளைந்தது என்று சொல்கிறவன் நான். ஊரே அதைச் சொல்லும். ரூட்டைக் கண்டுபிடித்தேன், வண்டியைக் கண்டுபிடித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த ஆளைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன மச்சான்? 'இது நான் எழுதினதுங்க' என்று மூன்று சொல். ஆனால் அதைச் சொல்கிற ஆளாக இருந்தால் அந்தக் கதையே இருந்திருக்காது. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு நீங்கள் ஒரு பதிவும் போடவில்லை. தேதியைப் பார்த்தேன்.

பாக்கியத்துக்குப் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பாதியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது கதையில்லைங்க. அண்ணன் வேலைக்குச் சேந்த புதுசுல நடந்தது. அதுக்கப்புறம்தான் கல்யாணமே வேண்டாம்னுட்டுது."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க சிரிப்பீங்கன்னு அண்ணன் சொல்லவேண்டாம்னுச்சு."

முப்பத்தொரு வருசம் உங்கள் வீட்டு மாப்பிள்ளையாக இருந்திருக்கிறேன். என்னிடம் சொல்லக்கூடாத விஷயம் என்று அந்த வீட்டில் ஒன்று இருந்திருக்கிறது. காரணமும் சரியான காரணம். நான் சிரித்தேனே.

"அந்தப் பொண்ணு கேட்டதுக்கு உங்கண்ணன் என்ன சொன்னாரு?"

"மீதிச் சில்லறை வாங்கிட்டீங்களான்னு கேட்டுதாம்" என்றாள்.

மச்சான், அந்த முப்பது நாற்பது பேர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தினமும் மத்தியானம் சோறு உண்டதும் உங்கள் போனை எடுத்துப் பார்க்கிறேன். அது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. முதலில் பதில் போட நினைத்தேன், விரல் வரவில்லை. இங்கே உங்களுக்குக் காரியம் செய்து, உங்கள் அறையைக் காலி செய்து, உங்கள் சட்டைகளையும் கொடுத்தாகிவிட்டது. அந்தப் போனுக்குள் மட்டும் நீங்கள் உடம்பு சரியில்லாமலோ வேலையாகவோ இருக்கிறீர்கள். இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு வந்துவிடுவீர்கள். அதை நான் ஏன் கெடுக்கவேண்டும் என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டேன். அவர்களுக்காகத்தான் ஓட்டினேன் என்று சொன்னால் பொய். நீங்கள் இருக்கிற ஒரே இடம் எனக்கும் அதுதானே.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். திட்டாதீர்கள். இருபத்து நாலாம் பதிவை நானே எழுதினேன். அவன் வண்டியை விட்டுக் குதித்து, கூட்டத்தை விலக்கி ஓடி, அவள் பெட்டியைப் பிடுங்கி, "நீ எங்கயும் போகக்கூடாது" என்கிறான். எழுதும்போது ஜோராக இருந்தது. மறுநாள் படித்தால் உங்கள் கண்டக்டரின் வாயிலிருந்து என் குரல் வருகிறது. மண்டியில் ஏலம் கேட்கிற குரல். போடாமலே அழித்துவிட்டேன்.

திரும்ப உட்கார்ந்து உங்கள் இருபத்து மூன்றையும் முதலிலிருந்து படித்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போனிலேயே படித்தேன். அவளுடைய சீட்டில் வேறு யாரும் உட்காராமலிருக்க, ஒரு நாள் மூட்டையோடு வந்த தாத்தாவுக்கு அவன் தன் சீட்டைக் கொடுத்துவிட்டுக் கோத்தகிரியிலிருந்து நின்றுகொண்டே வருகிறான். அவள் லீவு போட்ட நாளில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுத் திட்டு வாங்குகிறான். போன தடவை இதையெல்லாம் நான் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். அவன் பேசிக்கொண்டேதான் இருக்கிறான் மச்சான், அத்தனை பதிவிலும். கேட்கத் தெரியாதவன் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டீர்கள்.

எத்தனையோ நாவலில் தொழிலதிபரைப் பார்த்து, இவன் நிஜத்தில் இல்லை என்றேன். நிஜத்தில் இருந்த ஒருத்தனையும் அப்படியே சொல்லி அடுப்பில் போட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்டால் நீங்கள் "அட விடுங்க மாப்ளை" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. செய்யப்போவதைச் சொல்கிறேன்.

நாளைக்குக் காலை இருபத்து நாலாம் பதிவைப் போடுவேன். என் சொந்தச் சரக்கு ஒன்றும் அதில் இருக்காது. அவள் கேட்டாள், அவன் மீதிச் சில்லறை வாங்கிட்டீங்களா என்றான், அவ்வளவுதான். அதன் கீழே, இதை எழுதியவர் அக்கா இல்லை, அண்ணன். இந்தக் கண்டக்டரே அவர்தான். அவர் இப்போது உயிரோடு இல்லை என்று என் பெயரைப் போட்டு எழுதுவேன். சேரங்கோட்டுப் பெண் அழுவாள். சிலர் ஏமாற்றிவிட்டார் என்று திட்டவும் செய்வார்கள். அத்தனைக்கும் நானே உட்கார்ந்து பதில் எழுதுகிறேன், ஒருத்தரையும் விடாமல். இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

இன்று ஒரு நாள் மட்டும் விட்டுவிடுங்கள். அவர்களோடு சேர்ந்து நானும், அவன் என்ன சொல்லப்போகிறான் என்று தெரியாதவன் மாதிரி, காத்திருந்துகொள்கிறேன்.

உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்,
மாப்பிள்ளை சின்னராசு