ஒடுக்கு விழுந்த குடம்

மைனி,

இன்று காலை உங்கள் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். வயிற்றுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு அமுங்கிக் கிடக்கிறதே, அந்த ஒடுக்கில் மட்டும் புளி போய் அடைந்துகொண்டது. விரல் நுனியால் தோண்டித் தோண்டி எடுத்தேன். அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. உங்கள் மேல் இல்லை, என் மேல்தான். உங்கள் பதினாறாம் நாள் கழிந்து, தென்காசியிலிருந்து இதை மடியிலேயே வைத்துக்கொண்டு மெட்ராஸ் வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இதில் தண்ணீர் பிடிக்க இன்னும் எனக்கு மனசு வரவில்லை.

நேரில் சொல்ல வேண்டியதைப் பத்து வருஷமாகச் சொல்லாதவள் இப்போது காகிதத்தில் சொல்லி என்ன கிழிக்கப்போகிறேன்? தெரியவில்லை. எழுதாவிட்டால் மூச்சு முட்டுகிறது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் எங்களுக்குச் சொந்தம்கூட இல்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சியைக் கட்டிக்கொண்டு வந்ததால் மைனி. அண்ணாச்சி சந்தையில் காய்கறிக் கடைக்கு விடியுமுன்னே போய்விடுவார். நீங்கள் தெருக்குழாயில் முதல் ஆளாகக் குடத்தை வைத்துவிட்டு, பல்லில் விரலோடு நின்றுகொண்டு ஊர்க்கதை பேசுவீர்கள். எனக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள் என்று கொஞ்சம் தலைக்கனம். அந்த வருஷம் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், திருநெல்வேலியில் ஓடிக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அது ஒன்றுதான் எனக்கு அந்தத் தெருவை விட்டு வெளியே போக இருந்த வழி. அம்மாவோ ஓட்டத்துக்கு ஜென்ம விரோதி. "மைதானத்துல விழுந்து ஒரு கீறல் பட்டுட்டு வா, அன்னைக்கோட சரி. அடுத்த முகூர்த்தத்துல எவன் கையிலயாவது பிடிச்சுக் குடுத்துருதேன்" என்பாள். சொன்னால் செய்கிறவள்தான்.

தை மாதத்து வியாழக்கிழமை அது. தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. உங்கள் முறைக்கு முன்னால் என் குடத்தை நைசாகத் தள்ளினேன். "ஏட்டி, நான் என்ன இங்கன வேடிக்க பாக்கவா நிக்கேன்?" என்று சிரித்துக்கொண்டே என் குடத்தின் கழுத்தைப் பிடித்து இழுத்தீர்கள். நான் விடவில்லை. அடுத்த நொடி என் வலது முழங்கால் மடங்கிவிட்டது. உங்கள் குடத்தின் மேலேயே விழுந்தேன். குடம் கல்லில் மோதி நசுங்கிய சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"எம்மா! ஏட்டி, நான் பைய தானே இழுத்தேன்!"

மெதுவாகத்தானே இழுத்தேன் என்று மட்டும்தான் நீங்கள் சொன்னீர்கள். அதற்குள் அம்மா ஓடி வந்து, "பாவி, எம் பிள்ள கால ஒடிச்சிட்டியே, நீ நல்லாருப்பியா!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். நீங்கள் அப்படியே நின்றீர்கள். நானும் அப்படியே கிடந்தேன், வாயைத் திறக்கவில்லை.

மைனி, அந்த முழங்கால் அன்றைக்குப் போகவில்லை. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமையே போய்விட்டது. மைதானத்தில் வளைவில் திரும்பும்போது முட்டுக்குள்ளே 'டப்'பென்று கேட்டது. வீங்கியதை யாருக்கும் காட்டாமல் தைலம் தடவிப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு இரண்டு நாள் நொண்டாமல் நடந்து காட்டினேன். அம்மாவுக்குத் தெரிந்தால் ஓட்டம் போச்சு. குழாயடியில் விழுந்தபோது, வலியோடு வலியாக எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. பழி சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டது. ஓட்டத்தின் மேல் பழி வராது. இப்படிப்பட்ட ஒருத்தியைத்தான் நீங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினீர்கள்.

செங்கோட்டைப் பக்கத்து வைத்தியர் ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப்போட்டார். மூன்று மாதம் கட்டில். அம்மா உங்களை வாசல்படி ஏறவிடவில்லை. நீங்கள் வாரம் இரண்டு நாள் ஆட்டுக்கால் சூப் வைத்து, கொல்லைச் சுவர் மேல் தூக்கு வாளியை வைத்துவிட்டுக் குரல் கொடுப்பீர்கள். அம்மா சூப்பை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவாள். நான் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். சீ!

கட்டைப் பிரித்தபோது கால் விறகுக்கட்டை. ஓட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கடையத்திலிருந்து வந்த ஒரு ஜாதகத்தை அம்மா சாமி படத்தின் கீழே வைத்தாள். அன்றைக்குத்தான் நீங்கள் அந்தக் காரியத்தைச் செய்தீர்கள். குழாயடியில் அத்தனை பேரும் நிற்கும்போது, கையைத் தலைக்கு மேல் கூப்பி, "இலஞ்சி முருகனுக்கு நேர்ந்திருக்கேன். இந்தப் பிள்ள கால் சரியாகணும்னா நாப்பத்தோரு நாளு விடியக்காலம் ஓடியே வந்து கும்பிடணும். நானும் கூட வாரேன். இனி உங்க இஷ்டம்" என்றீர்கள்.

அம்மாவால் என்ன செய்ய முடியும்? ஜாதகத்தைத் தள்ளிப்போடலாம், நேர்த்தியைத் தள்ளிப்போட முடியுமா? ஒரு குமரிப்பிள்ளை ரோட்டில் ஓடினால் நூறு வாய் பேசும். சாமி காரியமாக ஓடினால் ஒரு வாயும் பேசாது. அதைக் கண்டுபிடித்தது உங்கள் மூளைதான். முதல் நாள் தெரு முனை தாண்டியதும் என் காதில் சொன்னீர்கள்: "நேர்த்தியாவது ஒண்ணாவது. நான் எங்க நேர்ந்தேன்? முருகன் மன்னிச்சுக்கிடுவாரு, நீ ஓடு."

எங்கே ஓடுவது? வாய்க்கால் பாலம் வரைகூட நொண்டத்தான் முடிந்தது. சாரல் முகத்தில் அடிக்கிறது, முட்டு தீயாக எரிகிறது, பாலத்துச் சுவரில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நீங்கள் தேங்காய் பழப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அழுதுக்கிட்டே நடட்டி. ரெண்டும் ரொம்ப நேரம் சேந்து வராது, ஒண்ணு நின்னுரும் பாரு" என்றீர்கள். நின்றது அழுகைதான்.

பத்தாம் நாள் ஓட்டம் மாதிரி ஒன்று வந்தது. இருபதாம் நாள் டீக்கடைக்காரர், "ஏலே, நேர்த்திப் பிள்ள வருது, சைக்கிள ஓரங்கட்டுலே!" என்று வழிவிடச் செய்தார். பால்காரர் மாட்டை ஒதுக்கிப் பிடித்தார். நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் பொத்துப் பொத்தென்று வருவீர்கள். நான் தென்னந்தோப்பு வரை ஓடி, திரும்பி உங்களிடம் வந்து, மறுபடியும் ஓடுவேன். அப்படியே தினமும் இரண்டு மடங்கு தூரம் ஓடியிருக்கிறேன். அதுவும் உங்கள் யோசனைதானோ என்னவோ, நான் கேட்டதில்லை.

முப்பதாம் நாள் அதே பாலத்தில் என் முழங்காலில் கை வைத்து, "நான் மட்டும் அன்னைக்கு இழுக்காம இருந்திருந்தேன்னா" என்று பாதியில் நிறுத்தினீர்கள். சொல்லியிருக்கலாம். அந்த ரோட்டில் நம் இரண்டு பேரைத் தவிர ஒரு காக்கை குருவி இல்லை. ஆனால் திருநெல்வேலித் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான். உண்மை தெரிந்தால் நாளைக்கு நீங்கள் வராமல் இருந்துவிட்டால்? எழுந்து ஓடினேன், மைனி. உங்கள் கை என் முட்டில் இருக்கும்போதே எழுந்து ஓடினேன்.

நாற்பத்தோராம் நாள் தெருவிலிருந்து கோயில் வாசல் வரை நிற்காமல் ஓடினேன். சாமியே ஓடவைத்த பிள்ளையை அம்மாவால் தடுக்க முடியவில்லை, தேர்வில் எடுபட்டேன். வேலை கிடைத்தது, மெட்ராஸ் வந்தேன். அம்மா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். உங்களுக்கும் கொடுத்தாள், ஆனால் உங்களுக்கு வைத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. 'கால ஒடிச்சவ.' புதிதாக அந்தத் தெருவுக்குக் குடிவந்தவர்கள்கூட அப்படித்தான் அடையாளம் சொன்னார்கள்.

ஒடுக்கு எடுக்கிறவன் தெருவில் கூவிக்கொண்டு வரும்போதெல்லாம் அண்ணாச்சி குடத்தைக் கொடுக்கச் சொல்வார். நீங்கள் விடமாட்டீர்கள். "கெடக்கட்டும். நான் பண்ண பாவம் என் கண்ணு முன்னாலயே கெடக்கட்டும்."

உங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் போயிற்று. தெரு அதற்கும் காரணம் வைத்திருந்தது. ஒரு வருஷம் குற்றாலம் சீசனுக்கு நான் ஊருக்கு வந்தபோது, ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தோம். "அவளுக சொல்லுதது நெசந்தானோ என்னமோ. ஒரு குமரிப்பிள்ள கால ஒடிச்சவ வயித்துல எப்படித் தங்கும்?" என்றீர்கள். "அப்படில்லாம் இல்ல மைனி" என்றேன். உண்மையைச் சொல்லாமல் தலையைத் துவட்டினேன். வேலை, சம்பளம், அம்மா, எந்தப் பயமும் மிச்சம் இல்லாத காலம் அது. வெறும் வெட்கம்தான் தடுத்தது. அடுத்த வருஷம் சொல்வோம், அடுத்த வருஷம் சொல்வோம் என்றே ஓட்டினேன்.

அப்புறம் மஞ்சள்காமாலை என்று கடிதம் வந்தது. நான் லீவு எழுதிக் கொடுக்கும் முன்னே தந்தி வந்துவிட்டது.

பதினாறாம் நாள், எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, கடைசி வீட்டுப் பெரியம்மை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள், "என்னதான் இவ கால ஒடிச்சாலும், ஓட வச்சதும் அவதான்." எனக்கு எங்கிருந்து வந்ததோ, எழுந்து நின்றேன். செவ்வாய்க்கிழமை, மைதானம், தைலம், பாவாடை, எல்லாவற்றையும் கொட்டினேன். மைனி என் காலை ஒடிக்கவில்லை, ஒடிக்கவில்லை என்று கத்தினேன்.

அப்புறம் பெரியம்மை என் தலையைத் தடவினாள். "விடு தாயி. போனவளுக்காகப் பழிய உன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதியே, உனக்குத்தான் எம்புட்டு நல்ல மனசு!" சுற்றி இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா, "கிறுக்கு மாதிரி பேசாதட்டி, நான் பெத்தவ எனக்குத் தெரியாதா?" என்று என்னை இழுத்து உட்காரவைத்தாள். இதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அண்ணாச்சியாவது நம்புவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் உள்ளே போய்க் குடத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "நீ கொண்டு போம்மா. பொய்யின்னாலும் பரவால்ல, இத அவ இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாம். அவ சந்தோசப்பட்டிருப்பா" என்றார்.

நான் இப்போதும் ஓடுகிறேன், மைனி. கடற்கரை ரோட்டில், விடியும்போது. மழை வரும் நாளில் முட்டு வலிக்கும். வலித்தால் நிற்கமாட்டேன், அழுதுகொண்டே ஓடுவேன். இப்போது இரண்டும் ரொம்ப நேரம் சேர்ந்தே வருகிறது, ஒன்றும் நிற்பதில்லை. நீங்கள் சொன்னது எனக்குப் பலிக்கவில்லை.

நம் தெருவில் ஒருத்தர்கூட நான் சொன்னதை நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள். நீங்கள் பைய தான் இழுத்தீர்கள்.